அழுத்தினாலும் மறையாத புள்ளி

நீ செய்த வேலைதான் இது. உன்னைவிட்டால் வேறு யாரைச் சொல்வது? வாயில்லாச் சீவனை என் தலையில் கட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாய். அங்கே அத்தனை உயரத்து மாடியில் உட்கார்ந்து பேரனுக்குப் பருப்புச்சாதம் பிசைந்துகொண்டிருக்கிறாய். இங்கே இதன் வயிற்றைப் பார், வந்து பார், உன் கையால் தடவிப் பார். ராக்கியண்ணன் இதையெல்லாம் வாய்திறந்து சொல்லவில்லை. நாமக்கல்லில் அந்த நாய் டாக்டரம்மாவின் வராந்தாவில், இரும்பு பெஞ்சின் ஓரத்தில், மடியில் நாயைச் சாய்த்து வைத்துக்கொண்டு மனசுக்குள்ளேதான் கத்திக்கொண்டிருந்தார். திட்டு பெங்களூரில் மகள் வீட்டிலிருந்த மனைவிக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் 'இந்தா' என்பார், கோபமென்றால் 'ஏ புள்ள' என்பார், மனசுக்குள் திட்டும்போதுகூடப் பேர் வராது, 'நீ' மட்டும்தான் வரும். நீ, நீ, நீ என்று சொல்லச் சொல்ல அந்தச் சொல்லே தேய்ந்து வெறும் சத்தமாகி, நாய் மூச்சுவிடுகிற சத்தத்தோடு கலந்துகொண்டது. நாயின் உடம்பு கொதித்தது. வேட்டியைத் தாண்டித் தொடைக்கு அந்தச் சூடு ஏறியது. வெயிலில் நின்ற லாரியின் பானெட்டில் கை வைத்த மாதிரி இருந்தது. பானெட்டென்றால் தண்ணீர் ஊற்றினால் ஆறிப்போகும்.

பின்னங்காலை மெல்ல விலக்கி மறுபடி பார்த்தார். பார்க்கக் கூடாதென்றுதான் இருந்தார், ஆனால் கை கேட்கவில்லை. அடிவயிற்றில், தொடை இடுக்கில், முடி குறைந்து வெளுத்த தோலில், யாரோ ஊசி முனையால் குத்தி வைத்ததுபோல் செக்கச்செவேலென்று புள்ளிகள். நேற்று வரைக்கும் தனித்தனியாக இருந்தவை இன்றைக்குச் சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டி நாவற்பழக் கறையாகியிருந்தன. கட்டைவிரலால் ஒரு புள்ளியை அழுத்தினார். கொசு கடித்த தடிப்பென்றால் அழுத்தினால் வெளுக்கும், எடுத்தால் சிவக்கும். இது அழுத்தினாலும் அப்படியே இருந்தது. முதல் நாள் இதைப் பார்த்ததும் அவருக்கு வந்த எண்ணம் சுடுதண்ணி. எவனோ ஊற்றிவிட்டான். எவனோ என்ன எவனோ, வீட்டுக்கு எதிர்த்த டீக்கடைக்காரன்தான், அவன் கடை வாசலில்தானே இது போய்ப் படுக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய், குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைக்கிற அளவுக்கு ஒரு கத்துக் கத்தினார். "உன் பாய்லரைத் தூக்கி உன் தலையிலயே கவுத்திருவன்டா!" டீக்கடை அத்தியப்பன் அசரவில்லை. பால் ஆற்றுவதை நிறுத்தாமலே, "அண்ணா, கொஞ்சம் மூச்சு வாங்கிக்குங்க. சுடுதண்ணி பட்டா முடி பொசுங்கிக் கொட்டும், தோல் உரியும். இதுல முடி அப்படியே இருக்குது பாருங்க. இது மேல இருந்து பட்டதில்லீங்க" என்றான். அப்புறம் சிரித்துக்கொண்டே, "லாரிக்குப் பெயிண்டைப் பாத்து வயசு சொல்றவரு நீங்க, இது தெரியலீங்களா?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போது வரைக்கும் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேல இருந்து பட்டதில்லீங்க. மேல இருந்து பட்டதில்லையென்றால்?

அவருக்குத் தெரியும். தெரியாமல் என்ன. மூக்கு ஒழுகிய வயசில் கிளீனராக லாரியேறி, அடியும் உதையும் ஸ்பானர் வீச்சும் வாங்கித் தொழில் படித்தவர். இன்றைக்குப் பழைய லாரி வாங்கி விற்பதில் இந்த வட்டாரத்தில் அவர் கண்ணை ஏமாற்றினவன் கிடையாது. கேபினை முட்டியால் தட்டிக்கொண்டே போவார். பட்டி பூசி மறைத்த இடம் வந்தால் 'டப்' என்று செத்த சத்தம் கேட்கும். துருவிலும் இரண்டு ஜாதி உண்டு. மழை பட்டு மேலே பிடித்த துரு உப்புக் காகிதத்தில் தேய்த்தால் போய்விடும். தகட்டுக்கு உள்பக்கம் பிடித்து, அரித்து, பெயிண்டைத் தள்ளிக்கொண்டு புள்ளி புள்ளியாக வெளியே தலைகாட்டுகிற துரு இருக்கிறதே, அதைத் தேய்க்கத் தேய்க்கப் பெருகும். அதைப் பார்த்துவிட்டால் வண்டியைச் சுற்றிவந்து, ஒரு வார்த்தை பேசாமல், துண்டை உதறிவிட்டுக் கிளம்பிவிடுவார். எத்தனை வண்டியிலிருந்து அப்படிக் கிளம்பியிருப்பார்! மடியில் கிடப்பதிலிருந்து எப்படிக் கிளம்புவது? அது ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

போன தடவை வந்தபோதே சொல்லியிருக்கலாம். அந்த நினைப்பு மறுபடி வந்து முள் மாதிரி மாட்டிக்கொண்டது. அதைச் சுற்றிக்கொண்டு போகலாமென்று பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்தார், ஃபினாயில் வாசனையை மூக்கில் இழுத்தார், ஆனால் எங்கே போனாலும் அந்த இடத்துக்கே திரும்பி வந்தது. அன்றைக்கும் இதே டாக்டரம்மாதான். சின்னப் பொண்ணு, மகள் வயசு. "நல்லாச் சாப்பிடறானுங்களா?" என்று கேட்டாள். "கல்லைப் போட்டாலும் தின்னுருவானுங்க" என்றார். வைத்த சோறு தட்டிலேயே காய்ந்துபோயிருந்தது. "உடம்பு சூடு இருக்குதே?" என்றாள். "வெயில்ல நடந்து வந்தமுங்க." வந்தது காரில். "உண்ணி இருந்துச்சுங்களா?" "சேச்சே, நம்ம வீட்லயா!" "மூக்குல ரத்தம் ஏதாச்சும் வந்துதுங்களா?" "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க." அது படுக்கிற சாக்கில் காய்ந்த பழுப்புக் கறை ஒன்றைப் பார்த்திருந்தார். வெற்றிலை எச்சிலாக இருக்கும் என்று தனக்கே விலை பேசி முடித்திருந்தார். ஏன் அப்படிச் சொன்னார்? காசுக்காகவா? இல்லை, காசு அவருக்குப் பெரிசில்லை. நாக்கு அப்படிப் பழகிவிட்டது. எதிராளி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தாலே, குறையைச் சொல்லாதே என்று நாக்கு தானாகவே மடங்கிக்கொள்ளும். வாங்க வந்தவன் முகத்தில் ஆசை தெரியக்கூடாது, விற்க வந்தவன் முகத்தில் அவசரம் தெரியக்கூடாது. தெரிந்தால் போச்சு, ஏறி மிதித்துவிடுவான். "எதுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தரலாமுங்களே" என்று அவள் சொன்னபோது, அவர் காதில் விழுந்தது வேறு. வண்டியை உள்ளே விட்டதும் "எதுக்கும் இஞ்சினைப் பிரிச்சுப் பாத்தரலாம்ண்ணா" என்று சொல்லாத மெக்கானிக் உண்டா? சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே காட்டீட்டுப் போலாம்னு. ஒரு களிம்பு குடுங்க, போதும்." கெட்டிக்காரத்தனம். அவள் களிம்பு கொடுத்தாள். புள்ளி அதிகமானால் உடனே கொண்டுவர வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். அவர் பேரத்தில் ஜெயித்தவர் மாதிரி நாயைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். யாரை ஜெயித்தார்?

"இது பேரு என்னங்ண்ணா?" பக்கத்தில் ஆட்டுக்கிடாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். கிடாயின் ஒரு காது வீங்கித் தொங்கியது. "ஸ்டெப்னி" என்றார். "என்னது?" "ஸ்டெப்னிங்க. லாரிக்கடியில ஸ்டெப்னி டயருக்குள்ள சுருண்டு கெடந்துச்சு, குட்டியா இருக்கறப்ப." அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்லவேளைங்ண்ணா, சைலன்ஸர் பக்கத்துல கெடக்காமப் போச்சே." அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் அந்தப் பெண் குனிந்து நாயின் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யதார்த்தமாக, "அய்யோ, இத்தன உண்ணி! வீட்ல பொம்பளைங்க யாருமில்லீங்களா?" என்றாள். சட்டென்று மூஞ்சியில் ரத்தம் ஏறியது. "உன் ஆட்டைப் பாரம்மா நீ!" என்று வெடுக்கென்று சொன்னார். அவள் கயிற்றை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நகர்ந்த இடம் வெறுமையாக இருந்தது. கூப்பிட்டு ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தார். என்ன சொல்வது? வீட்டில் இருக்கிறார்கள், வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றா? காதுக்குள் பார்த்தார். மொச்சைக்கொட்டை மாதிரி, சாம்பல் நிறத்தில், ரத்தம் குடித்து உப்பிக்கொண்டு, மடிப்புக்குள் மடிப்பாக. எப்படி இத்தனை நாள் கண்ணில் படவில்லை? லாரிக்கடியில் படுத்து சேஸியின் முடுக்கையெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிற கண்.

சாயங்காலமானால் நீ பின்கட்டுப் படியில் உட்காருவாய். அது உன் மடியில் தலையை வைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் மண்ணெண்ணெய். நீ அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே விரலால் துழாவி, எதையோ கிள்ளி, கொட்டாங்குச்சியில் போடுவாய். நான் உள்ளிருந்து, "நாய்கிட்டப் பேசற நேரத்துக்கு ஒரு காப்பி போட்டா ஆகாதா?" என்பேன். நீ திரும்பாமலே, "இதோ, இந்தக் காது மட்டும்" என்பாய். நீ வெட்டியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று ஒரு நாளாவது சொன்னாயா? சொல்ல வேண்டியதுதானே. வேலை என்று சொல்லிச் செய்தால்தானே அடுத்தவனுக்குத் தெரியும். அதுவும் உன் தப்புதான். மகளுக்குப் பேறுகாலம் என்று போனாய். குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாய். தலை நின்றது. நடக்கட்டும் என்றாய். நடந்தான். இப்போது பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட ஆள் வேண்டும் என்கிறாய். நான் ஏதாவது கேட்டேனா? கேட்கவில்லை. அங்கே வந்துவிடுங்கள் என்று மகள் ஒரு தடவை சொன்னாள், அந்த மாடிக்கட்டிடத்தில் நாய் கூடாதாம். நாயைச் சாக்காக வைத்து வரவில்லை என்றேன். நாய் சாக்குத்தானா? அதுவும் சரியாகத் தெரியவில்லை. தினமும் இருட்டுகிற நேரத்துக்குப் போன் வரும். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "ஸ்டெப்னி?" "அவனுக்கென்ன, ராஜா." "உங்களுக்கு மூட்டுவலி?" "எனக்கென்ன. அங்க எப்படி?" "எங்களுக்கென்ன, இங்க எல்லாம் சௌரியம்." அப்புறம் பேரன் வந்து இங்கிலீஷில் ஏதோ சொல்வான், போன் அணைந்துவிடும். அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன், இது வந்து போனை முகர்ந்து பார்க்கும். முதலில் வாய் திறந்து விலை சொன்னவன் தோற்றான் என்பது தொழில் பாடம். 'எப்ப வர்றே' என்று நான் கேட்டால் நான் தோற்றேன், 'வரட்டுமா' என்று நீ கேட்டால் நீ தோற்றாய். ரெண்டு பேரும் கெட்டிக்காரர்கள், ஒருத்தர் வாயையும் ஒருத்தர் பிடுங்க முடியவில்லை. இடையில் கிடந்து இது, இது மட்டும்தான், ராத்திரி கட்டிலுக்கடியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இந்த மூச்சும் நின்றுபோனால் அந்த வீட்டில் சத்தம் என்று என்ன இருக்கும்? ஃபிரிட்ஜ் முனகும். அவ்வளவுதான். நான் தட்டைக் கழுவினால் அந்தச் சத்தம். நான் இருமினால் அதற்குத் திரும்பிப் பார்க்க ஒரு காது இருக்காது. ராக்கியண்ணன் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார், வேர்வைதான் என்று யாரும் கேட்காமலே தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்போதுதான் வேட்டியில் பார்த்தார். நாயின் மூக்கு பட்டிருந்த இடத்தில் சொட்டாக, புதுசாக, சிவப்பாக ஒரு வட்டம், பார்க்கப் பார்க்கப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து கூப்பிடும்வரை அவர் காத்திருக்கவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு கதவைக் காலால் தள்ளிக்கொண்டு போய் மேசையில் கிடத்தினார். டாக்டரம்மா நிமிர்ந்தாள். "என்னுங்கய்யா, களிம்பு போட்டுமா..." என்று ஆரம்பித்தாள். ராக்கியண்ணனின் நாக்கு பழையபடி மடங்கப் பார்த்தது. ஒண்ணுமில்லீங்க, லேசாத்தான், சும்மா காட்டலாம்னு என்ற வார்த்தைகளெல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்து வரிசை கட்டி நின்றன. அவர் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பொய் சொன்னனுங்க" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. "அன்னிக்கே சோறு திங்கலீங்க. வெயில்ல நடந்து வரலீங்க, கார்லதான் வந்தமுங்க. சாக்குல ரத்தம் இருந்துச்சுங்க. உண்ணி இருக்குதுங்க, இப்பத்தான் பாத்தேன், காதெல்லாம் உண்ணிங்க. நீங்க எதைக் கேட்டீங்களோ அத்தனையும் இருக்குதுங்க." டாக்டரம்மா நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். அங்கேயும் புள்ளி இருந்தது. "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஊசியை எடுத்துக்கொண்டே, வேலையோடு வேலையாகச் சொன்னாள். "உண்ணிக் காய்ச்சலா இருக்கும்னு நினைக்கறனுங்க. ரத்தம் உறையறதுக்குன்னு உள்ள அணு இருக்குதுங்க, அது கொறஞ்சு போச்சுன்னா எங்கயும் அடிபடாமயே தோலுக்கடியில கசியும். அந்தப் புள்ளிதான் இதெல்லாம். ரத்தம் பாத்து உறுதி பண்ணிக்கலாம். அதுக்குள்ள மருந்தை ஆரம்பிச்சர்றேன், குளுக்கோஸ் ஏத்தோணும். இங்கயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்." அவர் கேட்டார். வாழ்க்கையில் எந்த மேசைக்கு முன்னாலும் இப்படி வெறும் முகத்தோடு நின்று எதையும் கேட்டதில்லை. "பொழைக்குமுங்களா?" "இன்னிக்கு அதைச் சொல்ல மாட்டனுங்க. சொன்னா அது பொய்யாயிரும்" என்றாள். காலில் முடியை மழித்து நரம்பு தேடினாள். ஸ்டெப்னி கத்தக்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "வீட்டுக்குக் கொண்டு போனாலும் மாத்திரை வேளாவேளைக்குத் தவறக்கூடாதுங்க. பக்கத்துலயே ஒரு ஆளு இருக்கோணும், உண்ணியெல்லாம் எடுத்து, கீழ விழாமப் பாத்துக்கிட்டு. வீட்ல யார் யாருங்க இருக்கறீங்க?" எல்லாரும் இருக்கோமுங்க என்று சொல்ல வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து, "நான் ஒருத்தன்தானுங்க" என்று வந்தது.

வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தார். இது போன் வருகிற நேரமில்லை, அவர் பேசுகிற நேரமும் இல்லை. இத்தனை காலத்தில் அவராகக் கூப்பிட்டதாக நினைவுமில்லை. மணி அடித்தது. அந்தப் பக்கம் குக்கர் விசில், கூடவே பதறின குரல். "என்னுங்க, இந்நேரத்துக்கு? உடம்புக்கு முடியலீங்களா?" அவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கதவிடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். "ஏனுங்க, பேசுங்க!" "உண்ணி எடுக்கத் தெரியலடி எனக்கு" என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எல்லாம் கொட்டியது. புள்ளி, களிம்பு, டீக்கடை, மூக்கு, வேட்டி, உள்ளே குளுக்கோஸ், ஒன்றுக்குப் பின் ஒன்றாக இல்லாமல் எல்லாம் ஒரே சமயத்தில். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் குரலும் உயர்ந்தது. "நான் தெனமும் போன்ல கேட்டனா இல்லையா? ஸ்டெப்னி எப்படி இருக்கறான், எப்படி இருக்கறான்னு? ராஜா மாதிரி இருக்கறான்னு சொன்னது யாரு?" "ஆமா, சொன்னேன்." "நீங்களும் ராஜா மாதிரி இருக்கறதாத்தானே சொன்னீங்க!" "ஆமா. அதையும் சொன்னேன்." குக்கர் இன்னொரு விசில் அடித்தது, அதை யாரும் அணைக்கவில்லை. "இங்க இவனைப் பள்ளிக்கொடத்துக்கு..." என்று அவள் மெதுவாக ஆரம்பித்தாள். அவர் விடவில்லை. கிடாய்க்காரி திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும். "ஏ புள்ள, கேளு. பேரனுக்கு அப்பனும் ஆத்தாளும் இருக்கறாங்க, வண்டியில ஏத்தி விடட்டும். நீ 'வர்றேன்'னு சொல்லுவேன்னு நான் உக்காந்திருந்தேன், நான் 'வா'ன்னு சொல்லுவேன்னு நீ உக்காந்திருந்தே, பேசாம. போதும். விட்டுட்டுப் போனது நீதான், அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன், எங்க வேணும்னாலும் சொல்லுவேன். விட்டுட்டுப் போனவதான் வந்து சரி பண்ணோணும். நாயை டாக்டரம்மா பாக்கறா. மத்ததை நீ வந்து பாரு. நாய் பொழைச்சாலும் வா, பொழைக்காட்டியும் வா. கேக்குதா? அழுவாத. மூக்கை உறிஞ்சாம, எந்த ரயில்ல ஏறறேன்னு சொல்லு."